ஏடிவி வண்டியின் பெல்ட்: மலைப்பாதையில் அது இயங்கும் விதமும் அதைப் பேணும் முறையும்

மூணாறு, வாகமண், தேக்கடி என்று இடுக்கி மாவட்டத்தின் எந்தப் பக்கம் சென்றாலும், சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு சேற்றிலும் கல்பாதையிலும் ஓடும் நான்கு சக்கர ஏடிவி வண்டிகளை இப்போது காணலாம். அவற்றை ஓட்டுபவர்களிலும் பழுது பார்ப்பவர்களிலும் தமிழ் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். போடி, கம்பம் பக்கத்திலிருந்து மலையேறி வேலைக்குப் போகிறவர்களும் உண்டு. தலைமுறைகளாகத் தேவிகுளம், பீர்மேடு தோட்டங்களிலேயே வாழ்கிறவர்களும் உண்டு. ஜீப்பின் கியர்பாக்ஸைப் பாகம் பாகமாக அறிந்தவர்களிடம்கூட, இயந்திரத்தின் ஆற்றலைச் சக்கரங்களுக்குக் கொண்டுசெல்லும் ஏடிவியின் பெல்ட் என்றால் எப்போது அறுந்துவிடுமோ என்ற அச்சம்தான் மிஞ்சியிருக்கிறது. அது எதனால் அறுகிறது என்று புரிந்துகொண்டு ஓட்டினால் அந்த அச்சத்துக்கு இடமில்லை என்பதால், இங்கே அதை அடிப்படையிலிருந்து விளக்குகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எல்லா ஏடிவிகளிலும் இந்த பெல்ட் கிடையாது. சிறுவர்களுக்கான 110 சிசி வண்டிகள் பலவற்றில் சாதாரண கியரும் சங்கிலியும்தான் இருக்கும். இயந்திரத்தின் ஒரு பக்கத்தில், நீள்வட்ட வடிவில் பெரிய பிளாஸ்டிக் அல்லது அலுமினிய மூடி ஒன்றும், அதற்குள் காற்று போய்வர இரண்டு தடித்த ரப்பர் குழாய்களும் இருந்தால், அது பெல்ட் வண்டி என்று ஏறத்தாழ உறுதியாகச் சொல்லிவிடலாம். கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப்புகளுக்கும் இந்த அமைப்புக்கும் தொடர்பே இல்லை. அவற்றில் இருப்பது கையால் மாற்றும் பல்சக்கர கியர். ஆனால் வீட்டு வாசலில் நிற்கும் கியர் இல்லாத ஸ்கூட்டருக்கும் ஏடிவிக்கும் நெருங்கிய உறவு உண்டு. இரண்டிலும் வேலை செய்வது ஒரே தத்துவம். ஸ்கூட்டர் பட்டறையில் ‘வேரியேட்டர்’ என்று சொல்லிப் பழகிய பாகத்தின் பெரிய உருவம்தான், ஏடிவியில் இயந்திரத்தின் பக்கம் பெல்ட்டைச் சுழற்றும் முன்புல்லி.

இந்த அமைப்பு புதியதும் அன்று. நெதர்லாந்தின் டாஃப் நிறுவனம் 1958-இல் ‘வேரியோமேட்டிக்’ என்ற பெயரில் ரப்பர் பெல்ட் கொண்ட காரைக் காட்சிக்கு வைத்தது. அந்தக் கார் முன்னால் போகும் அதே வேகத்தில் பின்னாலும் போகக்கூடியது. ஏன் அப்படி என்பது கீழே வரும் விளக்கத்தைப் படித்தால் தானே புரியும். பனிமேல் ஓடும் வண்டிகளில் இதே முறை பரவிய பிறகு, 1985-இல் போலாரிஸ் நிறுவனம் அதை ஏடிவிக்குக் கொண்டுவந்தது. நம் நாட்டில் 1980-களில் வந்த கைனடிக் ஹோண்டா ஸ்கூட்டர் மூலம் இது சாலைக்கு வந்தது.

மூடியைக் கழற்றினால் உள்ளே இரண்டு புல்லிகள் தெரியும். ஒன்று இயந்திரத்திலிருந்து வரும் தண்டில் மாட்டியிருக்கிறது. இதை முன்புல்லி என்போம். மற்றொன்று சக்கரங்களை நோக்கிச் செல்லும் கியர் பெட்டியின் தண்டில் இருக்கிறது, இது பின்புல்லி. ஒவ்வொரு புல்லியும் ஒன்றையொன்று பார்த்து நிற்கும் இரண்டு சாய்வான தட்டுகளால் ஆனது. அவற்றில் ஒரு தட்டு அசையாது. மற்றது தண்டின் மேல் முன்னும் பின்னும் நகரும். இரண்டு தட்டுகளுக்கும் நடுவிலுள்ள வி வடிவ இடைவெளியில் பெல்ட் உட்கார்ந்திருக்கிறது. தட்டுகள் நெருங்கினால் இடம் குறுகிப் பெல்ட் விளிம்பை நோக்கி மேலே ஏறும். தட்டுகள் விலகினால் தண்டை நோக்கி உள்ளே இறங்கும். பெல்ட்டின் நீளம் மாறுவதில்லை. ஆகவே முன்புல்லியில் பெல்ட் மேலே ஏறினால், பின்புல்லியில் அது உள்ளே இறங்கியே ஆக வேண்டும்.

வண்டி புறப்படும்போது பெல்ட் முன்புல்லியில் தண்டை ஒட்டிச் சிறிய வட்டமாகவும், பின்புல்லியில் விளிம்பை ஒட்டிப் பெரிய வட்டமாகவும் ஓடுகிறது. பல வண்டிகளில் இந்த நிலையில் இயந்திரம் 3 முறை அல்லது அதற்கும் சற்று மேலாகச் சுற்றினால்தான் பின்புல்லி ஒரு முறை சுற்றும். வேகம் குறைவு, இழுவை அதிகம். ஜீப்பின் முதல் கியருக்கு ஒப்பானது. வண்டி முழு வேகத்தில் ஓடும்போது நிலைமை தலைகீழாகிவிடும். முன்புல்லியில் வட்டம் பெரிதாகி, இயந்திரம் ஒரு முறை சுற்றுவதற்குள் பின்புல்லி ஒன்றுக்கும் சற்று அதிகமாகவே சுற்றிவிடும். இந்த இரு எல்லைகளுக்கும் இடையில் படிகள் எதுவும் இல்லை. எத்தனை கியர் என்ற கேள்விக்கே இங்கே இடமில்லாமல், பெல்ட் ஏறி இறங்கும் ஒவ்வொரு மயிரிழையும் ஒரு கியராக அமைகிறது. இந்த விகிதம் முன்னோக்கிச் செல்கிறோமா பின்னோக்கிச் செல்கிறோமா என்பதைப் பார்ப்பதில்லை. டாஃப் கார் பின்னாலும் முழு வேகத்தில் ஓடியதற்குக் காரணம் அதுவே.

தட்டுகளை நகர்த்துவது யார்? மோட்டாரோ கம்ப்யூட்டரோ இல்லை. முன்புல்லியின் நகரும் தட்டுக்குப் பின்னால் சில எடைகள் பொருத்தப்பட்டிருக்கின்றன. ஸ்கூட்டரில் இவை உருளைகள். மெக்கானிக்குகள் ரோலர் என்பார்கள். சில ஏடிவிகளில் உருளைகளும், சிலவற்றில் ஒரு முனையில் கீல் வைத்த சிறிய இரும்புக் கைகளும் இருக்கும். வீரபாண்டி சித்திரைத் திருவிழாவில் சங்கிலி ராட்டினம் சுழலச் சுழல இருக்கைகள் வெளிப்பக்கம் விரிந்து பறப்பதைப் போல, இயந்திரத்தின் சுழற்சி கூடக் கூட இந்த எடைகளும் வெளிப்பக்கம் தள்ளப்படுகின்றன. அவை நகரும் பாதை சரிவாக இருப்பதால், வெளிப்பக்கம் போகும் எடை தட்டைப் பக்கவாட்டில் தள்ளி நெருங்கச் செய்கிறது. பெல்ட் ஏறுகிறது, வண்டி வேகம் எடுக்கிறது.

பின்புல்லியில் இருப்பது ஒரு வலுவான ஸ்பிரிங்கும், திருகுபோல் சாய்வாக வெட்டப்பட்ட ஒரு தடமும். ஸ்பிரிங்கின் வேலை தட்டுகளை எப்போதும் நெருக்கி வைப்பது. தடத்தின் வேலை இன்னும் நுட்பமானது. ஏற்றம் வந்து சக்கரங்கள் திணறும்போது, பின்புல்லியின் ஒரு தட்டுக்கும் மற்றதற்கும் இடையே ஒரு முறுக்கம் உண்டாகிறது. அந்த முறுக்கம் சாய்வான தடத்தில் ஏறி, தட்டுகளை மேலும் இறுக்கிப் பெல்ட்டை விளிம்பை நோக்கித் தள்ளுகிறது. உடனே முன்புல்லியில் பெல்ட் உள்ளே இழுக்கப்பட்டு, வண்டி தானாகவே ‘கீழ் கியருக்கு’ வந்துவிடுகிறது. முன்னால் இருக்கும் எடைகள் இயந்திரத்தின் சுழற்சியை அறிகின்றன. பின்னால் இருக்கும் தடம் பாதையின் பாரத்தை அறிகிறது. இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்துத் தள்ளிக்கொண்டு சமநிலைக்கு வரும் இடமே அந்த நொடிக்குரிய கியர். இவ்வளவு எளிய பாகங்களால் இவ்வளவு சரியான முடிவு எடுக்க முடிவது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

இனிப் பெல்ட்டைப் பார்ப்போம். அது வெறும் ரப்பர் அன்று. நடுவில் அராமிட் போன்ற வலுவான இழைக் கயிறுகள் நீளவாக்கில் ஓடுகின்றன. இழுவையைத் தாங்குவது அவைதான். உட்புறத்தில் பற்கள்போல் வெட்டு வெட்டாக இருப்பது பல்சக்கரத்தில் மாட்டுவதற்காக என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அந்தப் பற்கள் எதிலும் மாட்டுவதில்லை. சிறிய வட்டத்தில் பெல்ட் எளிதாக வளைவதற்கும், வெப்பம் வெளியேறுவதற்கும் உதவுகின்றன. தட்டைத் தொடுவது பெல்ட்டின் இரண்டு பக்கச் சுவர்கள் மட்டுமே. இயந்திரத்தின் ஆற்றல் முழுவதும், விரல் அகலமுள்ள அந்த இரு பக்கங்களின் உராய்வுப் பிடிப்பை நம்பியே சக்கரத்துக்குப் போகிறது.

பிடிப்பு நழுவினால் வெப்பம் உண்டாகும். பெல்ட் பற்றிய எல்லாத் துன்பங்களுக்கும் வேர் இந்த ஒரு வரிதான். நழுவாமல் ஓடும்போதே வளைவதாலும் உராய்வதாலும் கொஞ்சம் ஆற்றல் வீணாகிறது. 30 குதிரைத்திறன் பாயும் பெல்ட்டில் பத்தில் ஒரு பங்கு வீணானால்கூட, அது 2 கிலோவாட்டுக்கு மேற்பட்ட வெப்பம். அத்தனையும் ஒரு மூடிய கூட்டுக்குள் உண்டாகிறது. அதை வெளியேற்றத்தான் புல்லியின் வெளிப்புறத்தில் விசிறி இறகுகள் வார்க்கப்பட்டு, ஒரு குழாய் குளிர்ந்த காற்றை உள்ளே இழுக்க, மற்றொன்று சூடான காற்றை வெளியே விடுகிறது. இயந்திரம் வேகமாகச் சுற்றினால் விசிறியும் வேகமாகச் சுற்றும். மெதுவாகச் சுற்றினால் காற்றும் குறையும். ஆகவே மெதுவாகச் சுற்றும் இயந்திரத்தில் பாரத்தை ஏற்றுவது பெல்ட்டுக்கு இருமடங்கு தீங்கு. நழுவல் கூடும் வேளையிலேயே குளிர்ச்சி குறைந்துவிடுகிறது.

கொழுக்குமலை ஏற்றத்தில் எந்த ஜீப் ஓட்டுநரும் மேல் கியரில் ஏற முயலமாட்டார். அதே ஓட்டுநர் ஏடிவியில் உட்கார்ந்தால், கியர்தான் இல்லையே, வண்டி தானாகப் பார்த்துக்கொள்ளும் என்று எண்ணி, லீவரை எச் (ஹை, அதாவது வேக ஓட்டத்துக்கான நிலை) என்ற இடத்திலேயே விட்டுவிடுகிறார். பெல்ட்டைக் கொல்லும் பழக்கங்களில் முதலிடம் இதற்குத்தான் என்று உறுதியாகச் சொல்வேன். பெரும்பாலான பெல்ட் ஏடிவிகளில் பின்புல்லிக்கு அப்பால் ஒரு சிறிய கியர் பெட்டி உண்டு. அதில் எச், எல் (லோ, அதாவது மெதுவான, இழுவை மிக்க நிலை) என்று இரண்டு நிலைகள் இருக்கும். எல் நிலையில் போட்டால் சக்கரத்தை இழுக்கும் பாரத்தில் பெரும்பகுதியைப் பல்சக்கரங்கள் ஏற்றுக்கொள்கின்றன. பெல்ட் இலகுவாக, வேகமாகச் சுழன்று, விசிறிக் காற்றும் நன்றாக வரும். செங்குத்தான ஏற்றம், பாறைப் பாதை, சேறு, பின்னால் டிரெய்லர், ஏலக்காய் மூட்டை போன்ற சுமை, ஆள் நடக்கும் வேகத்தில் நகர்ந்து செல்லும் பயணிகள் வரிசை ஆகிய எல்லாவற்றுக்கும் எல் நிலையே உரியது. மணிக்கு 20 அல்லது 25 கிலோமீட்டருக்குக் கீழேயே தொடர்ந்து ஓட்டப்போகிறோம் என்று தெரிந்தால், சமதரையிலும் எல் நிலையில் போடுவது நல்லது. நிலையை மாற்றும்போது வண்டி முழுவதும் நின்று, இயந்திரம் ஐடிலிங்கில் இருக்க வேண்டும். ஓடும்போது மாற்றினால் பல்சக்கரம் உடையும்.

அடுத்தது ஆக்ஸிலேட்டரைத் தொடும் முறை. சில வண்டிகளில் இயந்திரத்துக்கும் முன்புல்லிக்கும் நடுவே எண்ணெயில் ஓடும் தனி க்ளட்ச் இருக்கும். அவற்றில் பெல்ட் எப்போதும் பிடிப்போடுதான் இருக்கிறது. வேறு சிலவற்றில் தனி க்ளட்ச் கிடையாது. ஐடிலிங்கில் முன்புல்லியின் தட்டுகள் பெல்ட்டைத் தொடாமல் விலகி நிற்கும், சுழற்சி கூடியதும் தட்டுகள் வந்து பெல்ட்டைக் கவ்வும். இந்த இரண்டாம் வகையில் க்ளட்ச்சின் வேலையையும் பெல்ட்டே செய்வதால், ஒவ்வொரு புறப்பாட்டிலும் சற்று நேரம் நழுவல் இருந்தே தீரும். அந்த நேரத்தை நீட்டாமல் இருப்பதே ஓட்டுநரின் திறமை. பயணி பயப்படக் கூடாது என்று விரலால் துளித் துளியாக அழுத்தி ஊர்ந்து புறப்படுவது மென்மையான ஓட்டம்போலத் தோன்றினாலும், பெல்ட் அப்போதுதான் வேகிறது. எல் நிலையில் போட்டு, தயங்காமல் ஓர் உறுதியான அழுத்தம் கொடுத்துத் தட்டுகள் முழுவதும் கவ்வியபின் தேவைக்கேற்பக் குறைத்துக்கொள்வதே சரியான முறை. ஏற்றத்தில் நிற்கும்போது பிரேக்கைப் பிடிக்காமல் ஆக்ஸிலேட்டரால் வண்டியைத் தாங்கி நிறுத்துவதும், சேற்றில் சக்கரம் அசையாமல் சிக்கிய பிறகும் முறுக்கிக்கொண்டே இருப்பதும் சில நொடிகளில் புதுப் பெல்ட்டைக்கூடக் கெடுத்துவிடும்.

இறக்கத்தைப் பற்றிச் சொல்லாமல் மலைப்பாதை பற்றிப் பேச முடியாது. க்ளட்ச் வேலையையும் பெல்ட்டே செய்யும் வண்டிகளில், ஆக்ஸிலேட்டரை முழுவதும் விட்டுவிட்டால் வேகம் குறைந்து ஒரு கட்டத்தில் தட்டுகள் பெல்ட்டை விட்டுவிடும். இயந்திரம் பிடித்து நிறுத்தும் என்று நம்பியவருக்கு, வண்டி திடீரென்று நியூட்ரலில் விட்டதுபோல் வழுக்கத் தொடங்கும். இதைத் தடுக்கச் சில வண்டிகளில் ஒருபக்கம் மட்டும் சுழலும் பேரிங் ஒன்றை முன்புல்லியில் வைத்திருக்கிறார்கள். உங்கள் வண்டியில் அது உண்டா என்று கையேட்டில் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். எந்த வண்டியானாலும், இறக்கம் தொடங்கும் முன்பே நின்று எல் நிலையில் போட்டு, பிரேக்கைத் தயாராக வைத்துக்கொண்டு இறங்க வேண்டும்.

மலையின் உயரத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. போடியிலிருந்து போடிமெட்டு வழியாக மூணாறு செல்லும்போது 1,000 மீட்டருக்கு மேல் ஏறிவிடுகிறோம். ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் சாதாரணப் பெட்ரோல் இயந்திரம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு வலுவை இழக்கிறது. ஆனால் புல்லியின் எடைகளுக்கு அது தெரியாது. கீழே எந்தச் சுழற்சியில் தட்டைத் தள்ளினவோ அதே சுழற்சியில் இங்கேயும் தள்ளுகின்றன. வலுக்குறைந்த இயந்திரம் அந்த உயர்ந்த கியரை இழுக்க முடியாமல் திணறும். அதனால்தான் சில நிறுவனங்கள் உயரமான இடங்களுக்குச் சற்று இலகுவான எடைகளைப் பொருத்தச் சொல்கின்றன. வண்டி எப்போதும் மலைமேலேயே ஓடப்போகிறது என்றால், விற்பவரிடம் இதைக் கேட்டுப் பொருத்திக்கொள்வது பயனுள்ளது.

தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் இடுக்கிப் பக்கம் ஓடையைக் கடக்காமல் எந்தப் பாதையும் இல்லை. பெல்ட் கூட்டுக்குள் தண்ணீர் புகுந்தால் இயந்திரம் அலறும், வண்டி நகராது. அப்போது கியரில் வைத்து முறுக்கக் கூடாது. தண்ணீரை விட்டு வெளியே தள்ளி வந்து, கூட்டின் அடியிலுள்ள வடிகால் மூடியைத் திறந்து நீரை வடியவிட வேண்டும். பிறகு மூடியை மாட்டி, நியூட்ரலில் வைத்துச் சில முறை இயந்திரத்தை உயர்த்தி இறக்கினால் விசிறிக் காற்றில் தட்டுகள் காயும். அதன்பின் எல் நிலையில் மெல்ல நகர்த்திப் பிடிப்பு வந்துவிட்டதா என்று பார்க்கலாம். பொதுவாக, கால் வைக்கும் பலகைக்கு மேல் தண்ணீர் ஏறும் இடத்தில் வண்டியை இறக்காமல் இருப்பதே நல்லது. மழை முடிந்ததும் காற்றுக் குழாய்களின் வாயைப் பார்ப்பதை மறந்துவிடாதீர்கள். சேறும் சருகும் அடைத்திருக்கும். சில நாள் ஓடாமல் நின்ற வண்டி என்றால் எலி கூடு கட்டியிருக்கும். குழாய் அடைத்த வண்டியில் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பெல்ட்டும் நிலைக்காது.

பராமரிப்பில் பெரும்பகுதி கண்ணால் பார்ப்பதுதான். மூடியைத் திறந்ததும் உள்ளே மெல்லிய கறுப்புத் தூள் படிந்திருப்பது இயல்பு. பிசுபிசுப்பான கறுப்புக் கோடுகள் தட்டில் ஒட்டியிருந்தால் ரப்பர் உருகியிருக்கிறது என்று பொருள். பெல்ட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்து, பக்கச் சுவரை விரலால் தடவிப் பாருங்கள். நல்ல பெல்ட்டின் பக்கம் ஒளிராமல், துணியைத் தொட்டதுபோல் லேசான சொரசொரப்போடு இருக்கும். கண்ணாடிபோல் பளபளத்து வழுக்கினால் அது நழுவி நழுவி வெந்துபோன பெல்ட். பிறகு இரு கைகளாலும் சுற்றிக்கொண்டே வந்து அகலம் எங்கும் சீராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஓரிடத்தில் மட்டும் இருபக்கமும் குழிந்து இடுப்புபோல் ஒடுங்கியிருந்தால், வண்டி அசையாமல் சிக்கியிருந்தபோது முன்புல்லி மட்டும் சுற்றி அந்த இடத்தை எரித்திருக்கிறது. அந்தப் பெல்ட்டோடு ஓட்டினால், ஒவ்வொரு சுற்றுக்கும் தட்தட்டென்று ஓர் உதை தெரியும். பற்களுக்கு நடுவே விரிசல், ஓரத்தில் பிரிந்து நிற்கும் இழை, விழுந்துபோன பல் இவற்றில் எது இருந்தாலும் பெல்ட்டை மாற்றிவிட வேண்டும். இன்னும் கொஞ்சநாள் ஓடட்டும் என்று விடுவது நடுக்காட்டில் நிற்பதற்குத்தான் வழி.

கண்ணுக்குத் தெரியாத தேய்மானத்துக்கு வெர்னியர் அளவுகோல் வேண்டும். பெல்ட்டின் அகலம் 1 மில்லிமீட்டர் தேய்ந்தால், தட்டுகளின் சாய்வு காரணமாக அது ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் உள்ளே இறங்கி உட்காரும். உச்ச வேகம் குறைவதும் புறப்படும்போது குலுங்குவதும் இதனால்தான். எவ்வளவு அகலம் வரை பயன்படுத்தலாம் என்பது ஒவ்வொரு வண்டியின் கையேட்டிலும் இருக்கும். ஸ்கூட்டரைப் போலக் கிலோமீட்டரை மட்டும் நம்பி ஏடிவி பெல்ட்டின் ஆயுளைக் கணிக்க முடியாது. சேற்றில் ஓடிய 10 கிலோமீட்டர் தார்ச்சாலையின் 100 கிலோமீட்டரைவிடக் கடுமையாக இருக்கலாம்.

தட்டுகளைத் துடைக்க ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் சுத்தமான துணியும் போதும். எண்ணெய், கிரீஸ், துருநீக்கும் ஸ்பிரே எதுவும் தட்டிலோ பெல்ட்டிலோ படவே கூடாது. கீச்சென்ற சத்தத்தை நிறுத்த எண்ணெய் தெளிப்பவர்களும் இருக்கிறார்கள். சத்தம் நின்றுவிடும், பிடிப்பும் அதோடு போய்விடும். ரோலர்களைக் கழற்றும்போது அவற்றின் வட்டம் சிதையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். ஒருபக்கம் தட்டையாகத் தேய்ந்த ரோலர் சரிவில் சீராக நகராமல் சிக்கிச் சிக்கிப் போகும். ஆனால் பெரிய ஏடிவிகளின் முன்புல்லியை வீட்டில் பிரிக்க வேண்டாம். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் ஸ்பிரிங் கையைப் பதம் பார்க்கும். அதன் தட்டுகள் சுழற்சிச் சமநிலை பார்த்துக் குறியிட்டு இணைக்கப்பட்டவை என்பதால், குறி மாறினால் வண்டி முழுவதும் அதிரும்.

பெல்ட் மாற்றுவதை மட்டும் ஒவ்வோர் ஓட்டுநரும் கற்றுக்கொள்ள வேண்டும். பின்புல்லியின் தட்டுகளை உரிய கருவியால் விரித்துவிட்டால் பெல்ட் தளர்ந்து, பின்புல்லியிலிருந்து முதலிலும் முன்புல்லியிலிருந்து பிறகும் கழன்று வரும். ஸ்குரூடிரைவரை வைத்து நெம்பினால் தட்டில் கீறல் விழும். அந்தக் கீறல் புதுப் பெல்ட்டை அரத்தைப் போல அராவிவிடும். அறுந்த பெல்ட் என்றால், இழைத் துண்டுகள் தண்டைச் சுற்றியும் எண்ணெய் சீலுக்கு அருகிலும் காற்றுக் குழாய்க்குள்ளும் சிக்கியிருக்கும். அவற்றை ஒன்றுவிடாமல் எடுத்தபிறகே புதியதைப் போட வேண்டும். புதுப் பெல்ட்டில் அம்புக்குறி இருந்தால் அது சுழலும் திசையைக் காட்ட வேண்டும். முதல் 50 கிலோமீட்டர் வரை முழு ஆக்ஸிலேட்டர் கொடுக்காமல், சுமை ஏற்றாமல், வேகத்தை மாற்றி மாற்றி ஓட்டினால் பக்கச் சுவர்கள் தட்டின் சாய்வுக்குப் பழகிப் பிடிப்பு முழுமையாகும். வண்டியில் எடுத்துச் செல்லும் மாற்றுப் பெல்ட்டையும் வசதியான நாளில் ஒருமுறை மாட்டி இப்படிப் பழக்கி வைத்துவிட்டு, மடிக்காமல், பெட்ரோல் படாமல், வெயில் படாத பையில் வைத்திருப்பது நல்லது. ஏற்றத்தின் நடுவில் அதைப் போட நேரும்போது 50 கிலோமீட்டர் மெதுவாக ஓட்ட அந்தப் பாதை இடம் தராது.